வேட்டை மானைத் தொங்கவிட வீட்டிலேயே குளிர் அறை: ஏசியைவிட முக்கியம் பெட்டி

அமெரிக்காவின் குளிர் மாநிலமான விஸ்கான்சினில் நவம்பர் கடைசியில் துப்பாக்கி வேட்டை சீசன் தொடங்கும்போது, மானைக் கொட்டகையில் தொங்கவிட்டாலே பெரும்பாலும் தாங்கிவிடும். டெக்சஸில் சீசன் நவம்பர் முதல் வாரமே ஆரம்பித்துவிடும். பகலில் 80 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் அங்கே அதிசயமில்லை. இறைச்சியை 24 மணி நேரத்துக்குள் 40 டிகிரிக்குக் (4.4 செல்சியஸ்) கீழே கொண்டுவராவிட்டால் கிருமி பெருகிவிடும். அதனால்தான் உரிமம் எடுத்து வேட்டையாடுபவர்கள் பலர் கொல்லைப்புறத்தில் சொந்தமாக வாக்-இன் கூலர் (ஆள் உள்ளே நுழையக்கூடிய குளிர் அறை) கட்டிக்கொள்கிறார்கள். (இந்தியாவில் மான் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரை அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு.)

கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டன் ஏசி போடணும்?" என்றுதான். கெட்டுப்போகிற கூலர்களில் பெரும்பாலும் ஏசி நன்றாகவே இருக்கும். குறை சுவரிலும் கதவிலும் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். சுத்தம் செய்த 50 கிலோ மான் ஒன்றை உடற்சூட்டிலிருந்து 38 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கச் சுமார் 5,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நான்கு மானை 12 மணி நேரத்தில் இறக்க, மணிக்கு 1,700 பி.டி.யு. போல ஆகும். எட்டடிக்கு எட்டடி, எட்டடி உயர அறைக்கு ஆர்-20 காப்பு (ஆர் எண் கூடக்கூட வெப்பம் குறைவாக நுழையும்) இருந்தால், வெளியே 80 டிகிரி இருக்கும்போது சுவர், கூரை, தரை வழியாக மணிக்கு 800 பி.டி.யு. உள்ளே வரும். காப்பைப் பாதியாக்கினால் அது 1,600 ஆகிவிடும், அதுவும் இரவு பகலாக. இதோடு கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று வேறு உள்ளே புகும். இந்த அளவு அறைக்கு 12,000 பி.டி.யு. ஜன்னல் ஏசி சரியாக இருக்கும். கணக்கைவிட அதிகமாகத் தெரிந்தாலும் சின்னது வாங்காதீர்கள். ஏசியில் எழுதியிருக்கும் 12,000 என்பது 80 டிகிரி அறையில் கிடைக்கிற திறன். 38 டிகிரியில் அது நன்றாகவே குறைந்துவிடும்.

காப்புக்கு எக்ஸ்.பி.எஸ். ஃபோம் போர்டு (கெட்டியான பாலிஸ்டைரின் நுரைப் பலகை) நல்லது. ஓர் அங்குலத்துக்கு ஆர்-5 கிடைக்கும், தண்ணீரை உறிஞ்சாது. இரண்டு அங்குலப் பலகைகளை இரண்டு அடுக்காக, மூட்டு மேல் மூட்டு வராமல் மாற்றி அடியுங்கள். மூட்டுகளை ஸ்ப்ரே ஃபோமால் அடைத்து டேப் ஒட்டுங்கள். கண்ணாடிக் கம்பளி விலை மலிவு என்று அதைச் சுவருக்குள் திணிக்க வேண்டாம். ஈரம் ஏறினால் அதன் காப்பு போய்விடும்.

சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் பாலிதீன் தாளை எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் அனுபவமுள்ள தச்சர்கூடத் தவறுவார். குளிர்ப்பிரதேச வீடுகளில் அது உட்பக்கம் வரும். கூலரில் சூடும் ஈரமும் வெளியே இருப்பதால் தாள் வெளிப்பக்கம்தான் வர வேண்டும். உள்ளே போட்டால் வெளிக்காற்றின் ஈரம் சுவருக்குள் நுழைந்து, குளிர்ந்த தாளில் பட்டு நீராகி அங்கேயே தங்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. சில சீசன் கழித்துப் பலகையைக் கழற்றினால் சட்டத்தின் அடிக்கட்டை கையால் பிய்க்கிற அளவுக்கு உளுத்துக் கருப்பாக இருக்கும்.

தரையை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கான்கிரீட் தளம் மண்ணின் சூட்டை ஓயாமல் மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் மேல் குறைந்தது இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ்., அதற்கு மேல் முக்கால் அங்குல ப்ளைவுட், அதன் மேல் கழுவக்கூடிய விரிப்பு என்று போடுங்கள். உட்சுவருக்கு எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) தகடு ஒட்டி, மூலைகளில் சிலிக்கோன் பசை அடியுங்கள். ரத்தம் ஊறிய மரத்தை எதைப் போட்டுக் கழுவினாலும் சுத்தமாகாது.

சாதாரண ஜன்னல் ஏசி 60 டிகிரிக்குக் கீழே ஓடாது. கூல்பாட் போன்ற கட்டுப்பாட்டுக் கருவி ஏசியின் சென்சாருக்குச் சிறிது சூடு கொடுத்து, அறை இன்னும் சூடாக இருக்கிறது என்று நம்பவைக்கும். ஏசியின் குளிர்க் குழாய்ச் சுருளில் (coil) உள்ள தகடுகளுக்கு நடுவே செருகும் இன்னொரு சென்சார், பனி கட்டத் தொடங்கியதும் கம்ப்ரசரை நிறுத்தும். பனி முதலில் எந்த இடத்தில் பிடிக்கிறதோ அந்த இடத்தில் அதைச் செருக வேண்டும். இடம் தவறினால், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், காற்று வராது, அறை சூடாகிக்கொண்டே போகும். அப்படி ஆனால் ஏசியை நிறுத்தி, மின்விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பனியைக் கரையவிடுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகிக் கேஸ் போய்விடும். 36 முதல் 38 டிகிரிக்குள் வையுங்கள். அதற்கும் கீழே இழுக்க ஆசைப்பட்டால் பனிதான் மிச்சம்.

மானைக் கூரைச் சட்டத்தில் கொக்கி அடித்து மாட்டக் கூடாது. நான்கு மான் என்றால் 200 முதல் 280 கிலோ வரும், ஏற்றும்போது ஆடவும் செய்யும். இரண்டு பக்கமும் தரையில் நிற்கும் கால்கள் வைத்து, அவற்றின் மேல் நான்குக்கு ஆறு அங்குல மரவிட்டம் போடுங்கள். பாரம் தரைக்குப் போகட்டும். ஒரு மானுக்கு இரண்டடி இடம் விடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் காற்று படாமல் முதலில் கெடும்.

வெயில் காலத்தில் தோலை உடனே உரித்துவிடுங்கள், அது போர்வையாகச் சூட்டைப் பிடித்து வைக்கும். ஆனால் உரித்த சூட்டோடு ஏசிக் காற்று நேரே அடிக்கிற இடத்தில் மாட்டாதீர்கள். தசை விறைத்து முடிவதற்குள் 50 டிகிரிக்குக் கீழே போனால் சுருங்கி, சமைத்தாலும் மெல்ல முடியாது. அறையின் வெப்பமானியை நம்பி இறைச்சி குளிர்ந்துவிட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம். பின்தொடையில், இடுப்பு எலும்பை ஒட்டிக் குத்து வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். கடைசியில் குளிர்வதும் முதலில் புளிப்பதும் அந்த இடம்தான்.

சி.டபிள்யூ.டி. என்னும் மான் நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. இதற்குக் காரணமான பிரியான் என்னும் திரிந்த புரதம் குளிரிலும் சாகாது, சமைத்தாலும் போகாது. நோய் இருக்கும் பகுதியில் சுட்ட மானைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை ஒவ்வொரு உடலிலும் அடையாளச் சீட்டைக் கழற்றாமல் வையுங்கள். நோய் உறுதியானால் அதைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் அறிவுரை. கொக்கியும் கத்தியும் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால், கழுவிய பின் 40 சதவீத வீட்டு ப்ளீச் கரைசலில் ஐந்து நிமிடம் ஊறவைக்கலாம். மரத்துக்கு இது உதவாது.

கதவில் இரண்டு வரிசை கேஸ்கெட் (இடைவெளி அடைக்கும் ரப்பர் பட்டை) வையுங்கள். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்தால் வழுக்கி வரக் கூடாது. சுற்றிலும் இப்படிச் சோதியுங்கள். இனி சொல்வதில் சமரசம் வேண்டாம்: கதவு உள்ளிருந்து, இருட்டில், ஒரு குழந்தை தள்ளினாலும் திறக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால்தான் அமெரிக்கா 1956இல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் உள்ளிருந்து திறக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. நீங்கள் கட்டும் அறையை யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை. வெளியே தாழ்ப்பாளும் பூட்டும் போடுகிறவர்கள், உள்ளிருந்து தள்ளித் திறக்கும் பிடியையும் சேர்த்தே வாங்குங்கள்.

மின்சாரத்துக்குத் தனி 20 ஆம்ப் சர்க்யூட்டும் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும்) பாதுகாப்பும் வேண்டும். மின்சாரம் போனால் உலர்பனியைக் கொண்டுவந்து உள்ளே கொட்டாதீர்கள். அது கரியமில வாயுவாக மாறித் தரையோரம் தேங்கும். பெட்டியை எவ்வளவு நன்றாக அடைத்துக் கட்டியிருக்கிறீர்களோ, உள்ளே நுழைகிறவருக்கு அவ்வளவு ஆபத்து. சாதாரணப் பனிக்கட்டியை மூட்டையோடு அடுக்கிவிட்டு, மின்சாரம் வரும்வரை கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள்.