மேல்மரபியலா, புறமரபியலா?

"தாய் உண்ணும் உணவு குழந்தையின் மரபணுவையே மாற்றிவிடும்" என்று உடல்நலக் கட்டுரைகள் ஓயாமல் எழுதுகின்றன. தவறு. மரபணு மாற்றம் என்றால் டி.என்.ஏ.வின் எழுத்தே மாறுவது. எபிஜெனெட்டிக்ஸ் ஆராய்வது, எழுத்து அப்படியே இருக்க அது படிக்கப்படும் விதம் மாறுவதை.

எபிஜெனெட்டிக்ஸ் என்ற சொல்லை 1942இல் ஆக்கியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன். கிரேக்க 'எபி' என்பதற்கு 'மேல்' என்று பொருள். அவர் கருதியது கரு வளர்ச்சியை. இன்றைய பொருள் அதைவிடக் குறுகியது.

தமிழில் 'புறமரபியல்', 'மேல்மரபியல்' என இரண்டும் புழங்குகின்றன. முன்னது பொருந்தவே பொருந்தாது. அகம், புறம் என்று பிரித்தே பழகிய தமிழ்க் காதுக்குப் 'புறம்' என்றால் உடலுக்கு வெளியே, சூழலில் என்றுதான் படும். ஆனால் படிக்கப்படும் விதத்தை மாற்றும் குறி இருப்பது செல்லின் கருவுக்குள், டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினின் ஐந்தாம் கார்பனில் ஒட்டிய மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியாக. இதற்கு நம் எழுத்திலேயே ஒப்புமை உண்டு. 'க' மீது புள்ளி வைத்தால் எழுத்தின் வடிவம் மாறுவதில்லை, அகர ஒலி அடங்குகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் ஏறினாலும் பெரும்பாலும் அதுவே நடக்கிறது.

'தூண்டுவது வெளிச்சூழல்தானே' என்பார்கள். 1944–45 நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவானவர்களுக்கு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்தும், வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் மெத்தில் சற்றுக் குறைவாக இருந்தது. ஒப்பிட்டது அவர்களுடைய உடன்பிறப்புகளோடு. அங்கே காரணம் வெளியிலிருந்து வந்தது, சரி. ஆனால் ஒரே டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு ஒரு செல் கல்லீரலாகவும் இன்னொன்று நரம்பாகவும் நிலைப்பதும் இத்துறைக்குள்தான் வருகிறது. அங்கே எந்தப் பஞ்சம் வந்தது? காரணத்தை வைத்துப் பெயரிட்டால் துறையில் பாதி வெளியே நின்றுவிடும்.

குறி எழுத்தின் மேல்தான் இருக்கிறது என்பதை ஆய்வக முறையும் காட்டுகிறது. டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் வழக்கமான வரிசைப்படுத்தலில் மெத்தில் ஏறிய சைட்டோசினும் ஏறாததும் ஒன்றாகவே தெரியும். பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளில் ஊறவைத்தால் மெத்தில் இல்லாதது யூராசிலாக மாறி, தைமின் என்ற வேறோர் எழுத்தாகப் படிக்கப்படும். ஏறியது சைட்டோசினாகவே நிற்கும். வினை அரைகுறையாக நின்றால் இல்லாத மெத்தில் இருப்பதாகக் கணக்கில் வரும்.

இலக்கணப்படி 'மேன்மரபியல்' என்று புணர்க்க வேண்டும் என்பவர்களும் உண்டு. கன்மலை போல அது முறையான புணர்ச்சிதான். ஆனால் 'மேன்மை' காதில் விழுந்து, உயர்குடி மரபு என்ற நச்சுப் பொருள் ஒட்டிக்கொள்ளும். 'ல்' திரியாமலே எழுதுவோம்: மேல்மரபியல். குறியை 'மேற்குறி' என்றால் போதும்.

மருத்துவ மொழிபெயர்ப்பில் குழப்பம் இன்னும் பெரிது. இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் அசாசைட்டிடினை 'மரபணுவைத் திருத்தும் மருந்து' என்று எழுதினால் நோயாளி அஞ்சுவார். அது செய்வது, புதிதாக உருவாகும் டி.என்.ஏ. இழையில் மெத்தில் ஏறவிடாமல் தடுப்பது. திசுச் சீரமைப்பிலும் இதே கதை. ஜப்பானிய ஆய்வாளர் யாமானாகா 2006இல் எலியின் தோல் செல்லைக் குருத்தணுவாக்க (எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய செல்லாக்க) நான்கு மரபணுக்களைக் கூடுதலாகச் செலுத்தினார். ஆனால் செல் தன் பழைய அடையாளத்தை விட்டது, மேற்குறிகள் அழிந்து புதிதாக இடப்பட்டதால். அதை 'மரபணுத் திருத்தம்' என்பது டி.என்.ஏ. எழுத்தையே வெட்டி மாற்றும் கிரிஸ்பர் கருவிக்கு உரிய சொல்லைப் பறிப்பது; 'மேற்குறி அழிப்பு' என்று எழுதலாம். உடலுக்குள் முழுவதும் அழித்தால் கட்டி வளரும் என்பதால்தான் ஆய்வாளர்கள் பாதி அழிப்போடு நிறுத்தப் பார்க்கிறார்கள். அந்தப் 'பாதி' எதில் பாதி என்பது 'திருத்தம்' என்ற சொல்லில் தெரியவே தெரியாது.