இறந்த செல்கள் தாங்கும் நிலம்

எஸ்டோனியாவில் மேற்படிப்புக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இங்கே சதுப்பின் மேல் பலகை போட்டு, அதில் மட்டும்தான் நடக்கச் சொல்கிறார்கள். இறங்கினால் புதைந்துபோவோமா? என் உயரம்கூட இல்லாத பைன் மரத்துக்கு நூறு வயது என்கிறார்களே, எப்படி?”

அவர் குறிப்பிடுவது லாஹெமா தேசியப் பூங்காவில் உள்ள விரு சதுப்பு. தலைநகர் தாலினுக்குக் கிழக்கே சுமார் 50 கி.மீ. 1971இல் அறிவிக்கப்பட்ட லாஹெமாதான் சோவியத் ஒன்றியத்தின் முதல் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 3.5 கி.மீ. பாதை, காட்டில் தொடங்கி, சதுப்பைக் கடந்து, பார்வைக் கோபுரத்தைத் தொட்டுப் போகிறது.

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே: ஸ்பேக்னம் பாசி. பள்ளியில் பிரையோஃபைட்டுகள் (பாசி வகைத் தாவரங்கள்) பாடத்தில் ஒரு வரியில் கடந்திருப்போம். அதன் இலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். இலையின் தடிமன் ஒரே ஒரு செல்தான். அதிலும் ஒல்லியான பச்சை செல்கள் வலைபோல் பின்னியிருக்க, வலைக் கண்களில் பெரிய, நிறமற்ற செல்கள். உயிருள்ளவை அந்த ஒல்லிச் செல்கள் மட்டுமே. பெரியவை முளைத்து வளர்ந்ததும் உள்ளே இருப்பதையெல்லாம் இழந்து செத்துவிடுகின்றன. சாவதுதான் அவற்றின் வேலை! காலியான செல் ஒரு குடமாகிறது. சுவரில் துளைகள், அவற்றின் வழியே தண்ணீர் உள்ளே ஏறும். தண்ணீர் வற்றும்போது குடம் நசுங்காமலிருக்க, உள்பக்கம் வளையம் வளையமாகப் பட்டைகள். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை கட்டுவார்களே, அதே ஏற்பாடு. இப்படித் தன் உலர் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு தண்ணீரை இந்தப் பாசி பிடித்துவைக்கிறது. கடும் வெயிலில் குடங்கள் காலியாகிக் காற்று நிறைந்ததும் பாசி வெளுத்துப்போகும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியனுப்ப, அடியிலுள்ள ஈரம் தப்பிக்கிறது. முதலாம் உலகப் போரில் காயங்களுக்குப் பஞ்சுக்குப் பதிலாக இந்தப் பாசியை வைத்துக் கட்டியதும் இந்த உறிஞ்சும் ஆற்றலுக்காகத்தான்.

அடுத்து, அமிலம். பாசியின் செல்சுவர் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. தண்ணீரின் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4 அளவுக்கு இறங்குகிறது. விரு போல சுற்றுநிலத்தைவிட உயர்ந்து நிற்கும் மேட்டுச் சதுப்புக்கு ஆற்று நீரும் நிலத்தடி நீரும் எட்டாது, மழை மட்டுமே. எனவே ஊட்டம் மிகக் குறைவு. பைனின் வேர்களுக்கு ஆக்சிஜனும் இல்லை, நைட்ரஜனும் இல்லை. நூறு ஆண்டில் ஆளுயரம் என்பதே அதற்குச் சாதனை. அருகிலேயே பனித்துளிச் செடி பூச்சி பிடித்துத் தின்பதும் அதே நைட்ரஜனுக்காகத்தான்.

அமிலம், குளிர், ஆக்சிஜன் இன்மை மூன்றும் சேர்வதால் செத்த பாசி முழுதாக மக்காது. நுனியில் வளர்ந்து, அடியில் செத்து, ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் பீட் என்ற அடுக்காகக் குவிகிறது. ஒரு மீட்டர் தடிமன் என்றால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு.

இனி, இறங்கினால் என்ன ஆகும்? 70 கிலோ ஆள் ஒற்றைக் காலை ஊன்றும்போது, பாதம் 200 சதுர செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ. மேல் 350 கிராம் அழுத்தம். ஈரப் பாசி அதைத் தாங்காது. வழிகாட்டிகள் தரும் அகன்ற சதுப்புக் காலணி பரப்பை ஐந்து மடங்காக்கினால் அழுத்தம் 70 கிராம்தான். சிவப்புப் பாசியும் குறுஞ்செடிகளும் உள்ள திட்டுகள் ஓரளவு உறுதியானவை. பளிச்சென்ற பச்சைப் பரப்பு கண்ணுக்குப் புல்வெளி, அடியில் கூழ். சினிமாவில் வருவதுபோல் தலைவரை விழுங்காது, ஏனெனில் அந்தக் கூழைவிட மனித உடல் கனமானதல்ல. ஆனால் இடுப்புவரை சிக்கினால் குளிரும் களைப்பும் ஆளைக் கொல்லும். காலை உதறினால் இன்னும் இறங்கும். மல்லாந்து படுத்து, கைகளை விரித்து, கால்களை ஒவ்வொன்றாக மெல்ல உருவி, வந்த பக்கமே உருள வேண்டும். சதுப்பிலுள்ள தேநீர் நிறக் குளங்களின் விளிம்பும் மிதக்கும் பாசிதான், பிடித்தால் பிய்ந்து வரும். நீந்துபவர்கள் ஏணி உள்ள இடத்தில் மட்டும் இறங்குவது நல்லது.

இன்னொன்று: மழைக்குப் பிறகும் உறைபனிக் காலையிலும் பலகை சோப்பாய் வழுக்கும். உண்ணி இருப்பது சதுப்பில் அல்ல, காட்டோரப் புல்லில். அது மூளையழற்சியைப் பரப்பக்கூடியது. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். அந்த மூளையழற்சிக்குத் தடுப்பூசி உண்டு.

பாதையின் ஒரு முனையில் முன்பு பீட் வெட்டிய பழுப்புத் தரை தெரியும். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்ததும் பீட்டுக்குள் காற்று புகும், ஆயிரம் ஆண்டுக் கார்பன் கரியமில வாயுவாகப் போய்விடும். எஸ்டோனியாவில் வெட்டப்படும் பீட்டில் பெரும்பகுதி பூந்தொட்டிகளுக்கு! இது வீண் என்றே நினைக்கிறேன், ஏனெனில் மாற்று இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் உரிக்கும்போது உதிரும் தூளைக் கட்டிகளாக அழுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். நாம் மாடித்தோட்டத்தில் போடும் கோகோ பீட் அதுதான். அதில் சோடியம், பொட்டாசியம் உப்பு அதிகம். நன்னீரில் பலமுறை அலசாமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும். அலசிவிட்டால் அதுவும் ஸ்பேக்னம் போலவே தண்ணீரைப் பிடித்துவைக்கும்.