தேதி முடிந்த கோழியும் மூக்கின் எல்லையும்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கோழிப் பாக்கெட் பிரிட்ஜில் கிடக்கிறது. உறையில் போட்ட தேதி நேற்றோடு முடிந்துவிட்டது. பிரித்து முகர்ந்தால் வாடை இல்லை, நிறமும் மாறவில்லை. "நல்லாத்தான இருக்கு, மஞ்சப்பொடி போட்டு கழுவி வச்சா மதி (போதும்)" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். இந்த ஒரு பேச்சுக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. வாடை இல்லாதது கெடாதது. கழுவினால் கிருமி போகும். கொதித்தால் எல்லாம் சரியாகும். மூன்றுமே பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் வயிறு மாட்டிக்கொள்கிறது.

முதலில் அந்தத் தேதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது சுவைக்கும் பதத்துக்குமான எல்லை. ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பயரி’ என்பது அதற்குப் பின் உண்ணக் கூடாது என்ற எல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள்படி இரண்டாவதுதான் கட்டாயம். ஆகவே பிஸ்கட் உறையிலும் எக்ஸ்பயரி இருக்கும், பச்சைக் கோழி உறையிலும் இருக்கும். சொல் ஒன்றுதான், கனம் வேறு. பிஸ்கட்டில் ஈரம் இல்லை, கிருமி வளர வழியில்லை. நாள் கடந்தால் நமத்துப்போகும். கோழியோ முழுக்க ஈரமும் புரதமும். இறைச்சி உறையில் தேதிக்கு அருகிலேயே சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: 0 முதல் 4 டிகிரி செல்சியஸில் வைக்கவும். அந்தக் குளிரில் வைத்தால் மட்டும்தான் தேதிக்கு மதிப்பு.

ஏன் என்பதை ஒரு கணக்கு காட்டும். எண்களை எளிமைக்காக உருட்டியிருக்கிறோம். வெட்டிச் சுத்தம் செய்த கோழியின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். அவை ஏறத்தாழ ஒரு கோடியைத் தொடும்போதுதான் மூக்குக்கு வாடை தெரியும். பத்துக் கோடியை நெருங்கினால் விரலில் வழுவழுப்பு ஒட்டும். சில ஆயிரம் ஒரு கோடியாக, பன்னிரண்டு முறை இரட்டித்தால் போதும். 4 டிகிரியில் ஒரு முறை இரட்டிக்க 8 மணி நேரம் என்று வைத்தால் 96 மணி நேரம், அதாவது நான்கு நாள். பிரிட்ஜ் 9 அல்லது 10 டிகிரியில் ஓடினால் அந்த 8 மணி நேரம் 4 ஆகச் சுருங்கும். இரண்டே நாளில் அதே நிலை. 30 டிகிரியில் அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஆறு மணி நேரத்தில் கதை முடிந்தது. இறைச்சி முழுக்கச் சூடேறிய பின் வண்டிப் பெட்டியில் கழியும் இரண்டு மணி நேரம், பிரிட்ஜில் 32 மணி நேரத்துக்குச் சமம். கம்பெனி தேதி குறிக்கும்போது கொஞ்சம் தாராளம் வைத்துத்தான் குறிக்கிறது. அந்தத் தாராளத்தைத்தான் இந்த வெயில் தின்றுவிடுகிறது.

இந்தக் கணக்கு வாடை கிளப்பும் பாக்டீரியாக்களுக்கானது. சூடோமோனாஸ் போன்ற அவை குளிரிலும் வளரும், இறைச்சியை நாறவைக்கும், ஆனால் பெரும்பாலும் நோய் தராது. நோய் தரும் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்றவை வேறு கூட்டம். அவை நாறுவதில்லை, நிறம் மாற்றுவதில்லை. குறைந்த எண்ணிக்கையிலேயே ஆளைப் படுக்கவைக்கக் கூடியவை. லிஸ்டீரியா 4 டிகிரியிலும் மெல்ல வளரும். எனவே மூக்கின் சாட்சி ஒருபக்கச் சாட்சி. நாறினால் தூக்கி எறியலாம். நாறாததை வைத்து நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

மூக்கு வீணாகப் பயமுறுத்தும் இடமும் உண்டு. காற்றை உறிஞ்சி மூடிய பாக்கெட்டைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை அடிக்கும், மாட்டிறைச்சி கருஞ்சிவப்பாக இருக்கும். தட்டில் பரப்பி 20 நிமிடம் விட்டால் ஆக்சிஜன் பட்டு நிறம் சிவக்கும், வாடையும் போய்விடும். போகவில்லை என்றால் கெட்டுவிட்டது. தேதிக்குள்ளேயே பாக்கெட் உப்பியிருந்தால் திறக்கவே வேண்டாம்.

மஞ்சளும் வினிகரும் எலுமிச்சையும் வாடையை மறைக்கும், கிருமி எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்காது. சந்தேகம் உள்ள இறைச்சியில் இது கெடுதலும்கூட, ஏனென்றால் இருந்த ஒரே எச்சரிக்கையையும் அழித்துவிடுகிறது. குழாயடியில் வேகமாகக் கழுவினால் நீர்த்துளியோடு கிருமி பக்கத்துத் தட்டுக்கும் வெள்ளரிக்காய்க்கும் போகும். கழுவியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, தெறிக்காமல் அலசி, தொட்டியையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

கொதிக்க வைப்பது? துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் சால்மோனெல்லா செத்துவிடும். ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா, இறைச்சி வெளியே கிடந்த நேரத்தில் நச்சை உண்டாக்கி வைத்திருந்தால், அரை மணி நேரம் கொதித்தாலும் அந்த நச்சு அழியாது. கிருமி செத்த பிறகும் அது விட்டுச்சென்ற சரக்கு வாந்தி எடுக்கவைக்கும், பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள்.

ஆகவே முடிவு இப்படி. குளிரூட்டிய பச்சை இறைச்சியில் எக்ஸ்பயரி தேதி தாண்டிவிட்டால், எப்படி இருந்தாலும் சமைக்க வேண்டாம். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், கீமோதெரபி எடுப்பவர் உள்ள வீட்டில் இதில் பேச்சே இல்லை. தேதி முடிவதற்குள் ஃப்ரீசருக்குப் போயிருந்தால் கதை வேறு: –18 டிகிரியில் கிருமி வளர்ச்சி நின்றுவிடுகிறது, மாதக்கணக்கில் வைக்கலாம், சுவைதான் குறையும். ஆனால் உறைவதில் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. ஐஸ் விடும்போது, விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடரும். அதனால் ஐஸ் விடுவதைப் பிரிட்ஜுக்குள்ளேயே செய்து, விட்ட 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிட வேண்டும். உறையை ஒருமுறை திறந்தாலும் அச்சிட்ட தேதி செல்லாது. அதன்பின் கோழி, கொத்துக்கறி, ஈரல் எல்லாம் ஒன்று இரண்டு நாள்தான்.

சந்தையில் வெட்டி வாங்கும் இறைச்சிக்குத் தேதியே கிடையாது. அங்கே வெட்டிய நேரம்தான் தேதி. எப்போது வெட்டியது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்குள், பிரிட்ஜுக்குள் போக வேண்டும். கோழி இரண்டு நாள். துண்டு போட்ட ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி மூன்று முதல் ஐந்து நாள். இதெல்லாம் 4 டிகிரியில்தான். உங்கள் பிரிட்ஜ் எத்தனை டிகிரி என்று அதன் திருகு சொல்லாது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். கதவுத் தட்டு எப்போதும் அதைவிடச் சூடு. பச்சை இறைச்சி, சாறு கீழே ஒழுகாத பாத்திரத்தில், அடித்தட்டில்.

கடல் ஓரத்தில் இருந்துகொண்டு மீனைச் சொல்லாமல் விட முடியாது. குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ வாங்கிய சூரை, அயிலை (கானாங்கெளுத்தி), சாளை (மத்தி) மூன்றுக்கும் தனி ஆபத்து உண்டு. இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். மீன் நாறாமலே இது நடக்கலாம். வறுத்தாலும், குடம்புளி போட்டுக் கொதிக்கவைத்தாலும், உறையவைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், தடிப்பு வரும். மீன் அலர்ஜி என்று பலர் நினைப்பது இதுவாக இருக்கலாம். நாக்கில் மிளகுபோலச் சுருக்கென்று உறைத்தால் அந்த மீனைத் துப்பிவிடுங்கள். மூச்சு இரைத்தால் உடனே ஆஸ்பத்திரி. மீன் வாங்கப் போகும்போதே ஒரு பெட்டியில் ஐஸ் கொண்டுபோவதுதான் இதற்கு ஒரே தடுப்பு.

சமைத்த இறைச்சிக்கும் கணக்கு உண்டு. பெருநாளுக்கு வைத்த பெரிய அண்டாக் குழம்பு ஆற மணிக்கணக்காகும். கொதிப்பில் சாகாத, கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அந்த மந்தச் சூட்டில் விழித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். புளி தூக்கலான மீன்குழம்பு மறுநாளைக்குத் தாங்குவதுபோல், தேங்காய் அரைத்த இறைச்சிக் குழம்பு தாங்காது. மீந்ததை இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாதபடி அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் நன்றாகக் கொதிக்கவைத்துத் தீர்த்துவிட வேண்டும்.

இன்னும் ஒன்று, மின்சாரம். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு குமரி மாவட்டத்தின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. கதவைத் திறக்காமல் வைத்தால் பிரிட்ஜ் 4 மணி நேரமும், பாதி நிறைந்த ஃப்ரீசர் 24 மணி நேரமும், முழுக்க நிறைந்தது 48 மணி நேரமும் குளிரைப் பிடித்துவைக்கும். வீட்டில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்தால்? ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் ஐஸின் மேலேயே இருந்தால் இறைச்சி உருகவில்லை. அடியில் கிடந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. பார்க்கக் கல்லுமாதிரி இருந்தாலும் அந்த இறைச்சி சட்டிக்கு வேண்டாம்.