‘பாடசாலை மாவட்டம்’ என்றால் எந்த மாவட்டம்?

இந்தத் தொடரை முதலில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பட்டறையின் கையேட்டில் பார்த்தேன். அமெரிக்கப் பாடசாலைகளின் நிர்வாகம், நிதி, மாணவர் அடைவு பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் போட்டிருந்தார்கள். வரிக்கு வரி ‘பாடசாலை மாவட்டம்’. அப்புறம் ஒரு கருத்தரங்கில் கேட்டேன். கடைசியாக இலங்கை மலையகத்தின் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து நேராக வந்திருந்த ஒரு தகப்பனின் வாயிலிருந்து கேட்டேன். அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவர் கேட்டது இதுதான்: “அமெரிக்காவுல மாவட்டந்தான் பள்ளிக்கூடத்த நடத்துதாம், அதுக்குன்னு வரியும் வாங்குதாம். நம்ம மாவட்டம் மட்டும் ஏன் சேர் ஒரு விஞ்ஞான டீச்சர அனுப்ப மாட்டேங்குது?” பட்டறைக்குப் போய்வந்த ஆசிரியர் ஒருவர் நல்ல மனதோடு சொன்ன செய்தி அவர் காதில் இப்படி விழுந்திருந்தது. அடுத்த வாரம் ஐந்தாறு பெற்றோர் ஒரு நாள் பேரை (தோட்டத்து ஒரு நாள் வேலையை) விட்டுவிட்டு, கையெழுத்து வாங்கிய மனுவோடு மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போனார்கள். மாவட்டச் செயலகம் ஆசிரியர் நியமிக்கும் இடமில்லை. மனு அதற்குரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, ஒரு நாள் சம்பளமும் போய்விட்டது. ஒரு பிழையான மொழிபெயர்ப்புக்கு அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை அது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இது ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’. டிஸ்ட்ரிக்ட் என்பதன் வேர் லத்தீன். இழுத்துப் பிடித்தல், கட்டுப்படுத்துதல் என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபு யார்மீது அதிகாரம் செலுத்தலாமோ, யார் கடன் கட்டாவிட்டால் பொருளைப் பறிமுதல் செய்யலாமோ, அந்த எல்லைக்கு இந்தப் பெயர் வந்தது. ஆக அந்தச் சொல்லின் அடியில் கிடப்பது அதிகாரமும் வசூலும்.

நம்முடைய சொற்களின் அடியில் கிடப்பதோ வட்டம். மா + வட்டம், மாவட்டம். வட்டாரமும் அதே குடும்பம். மண்டலம் என்றாலும் வட்டம்தான். வலயம் வடமொழியில் வளையல், சுற்று. கோட்டத்துக்கு வளைவு என்று ஒரு பொருள் உண்டு. தொண்டை மண்டலத்தில் 24 கோட்டங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பெயர் வைப்பது நம் வழக்கம். அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் கோட்டுக்குள் யார் ஆள்கிறார்கள், யார் பணம் தருகிறார்கள் என்பதை இந்தச் சொற்களில் ஒன்றுமே சொல்லாது. அமெரிக்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் விஷயமே அந்த இரண்டும்தான்.

அது என்ன என்று பார்த்தால்தான் பிழையின் அளவு தெரியும். அந்த நாட்டில் இப்படிப்பட்ட அமைப்புகள் ஏறத்தாழ 13,000 இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் அந்தந்த ஊர் மக்கள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிவு செய்கிறார்கள். சபை ஒரு தலைமை அதிகாரியைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறது, ஆசிரியர்களை எடுக்கிறது, வரவு செலவுத் திட்டம் போடுகிறது. பல மாநிலங்களில் வீடு, நிலத்தின் மீதான வரி நேரே அதற்குப் போகிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பாடசாலைப் பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது இப்படி உள்ளூரிலேயே திரட்டப்படுவது. ஹவாய் மாநிலம் விதிவிலக்கு. அங்கே மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று.

இதை மாவட்டம் என்று சொன்னால் என்ன ஆகும்? நமக்கு 25 மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கச்சேரி, ஓர் அரசாங்க அதிபர். அங்கேயோ ஒரே நகரத்துக்குள் பல ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் இருக்கலாம். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகர்ப்பகுதியில் எட்ஜ்வுட் என்று ஒன்று, அலமோ ஹைட்ஸ் என்று ஒன்று. அலமோ ஹைட்ஸ் வசதியானவர்கள் வாழும் பகுதி. எட்ஜ்வுட் ஏழைகள் வாழும் பகுதி. வீடுகளின் பெறுமதி குறைவு, அதனால் வரியும் குறைவு, அதனால் பாடசாலைக்கும் குறைவு. அந்தப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்பை மீறவில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரே நகர்ப்பகுதியின் இரண்டு பக்கங்களில் நடந்த கதை இது. ‘இரண்டு மாவட்டங்கள்’ என்று எழுதினால், நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் உள்ள வித்தியாசம் போல என்று நம் வாசகர் நினைப்பார். அதே நாட்டில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவான ‘கவுண்டி’யையும் மாவட்டம் என்றே மொழிபெயர்க்கிறார்கள். அப்படியானால் மாவட்டத்துக்குள் மாவட்டம் என்றல்லவா எழுத வேண்டும்?

இன்னொன்று. நம் கல்வியில் மாவட்டம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. உயர் தரம் எழுதும் பிள்ளையின் வீட்டில் மாவட்டம் என்றால் பல்கலைக்கழகம் போகத் தேவையான வெட்டுப்புள்ளி, அதை அளக்கும் இசட் புள்ளி. அந்தச் சொல்லைக் கொண்டுபோய் வேறொரு நாட்டின் வேறொரு அமைப்புக்கு மாட்டிவிடுவது பொறுப்பில்லாத வேலை. தமிழகத்தார் எழுதும் ‘பள்ளி மாவட்டம்’ இங்கே இன்னும் பொருந்தாது. நம் நாட்டில் பேச்சில் பள்ளி என்றால் பலருக்குப் பள்ளிவாசல்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘கல்வி மாவட்டம்’ தமிழகத்தில் அரசு அதிகாரி ஒருவரின் ஆளுகைப் பிரிவு, அதுவும் வேறு பொருள்.

அப்படியானால் நம்முடைய ‘கல்வி வலயம்’ என்று போட்டுவிடலாமே என்கிறார்கள் சிலர். அந்தப் பட்டறையிலும் ஒருவர் எழுந்து அதைத்தான் சொன்னார், பலர் தலையாட்டினார்கள். இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது, ஏனென்றால் இது சரிபோலத் தோன்றுகிறது. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து வலயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வலயக் கல்விப் பணிப்பாளர், அவருக்குக் கீழே கோட்டக் கல்விப் பணிப்பாளர்கள். இவர்களில் ஒருவரையும் நாம் வாக்களித்துத் தெரிவு செய்யவில்லை. வலயம் ஒரு சதம்கூட வரி அறவிட முடியாது. மாகாணப் பாடசாலைக்கான ஆசிரியர் நியமனம் மாகாணத்தின் கையில். தேசிய பாடசாலையோ மத்திய அமைச்சின் கீழ். பணம் திறைசேரியிலிருந்து இறங்கி வருகிறது. வலயம் பகிர்ந்து கொடுக்கும், மேற்பார்வை செய்யும், இருக்கிற ஆசிரியரை இடம் மாற்றும். இல்லாத ஆசிரியரை அதனால் உருவாக்க முடியாது. அமெரிக்கச் சபைக்கும் நம் வலயத்துக்கும் ஒரே பெயர் வைத்தால், ‘அங்கே வலயம் செய்கிறது, இங்கே வலயம் செய்யவில்லை’ என்று பெற்றோர் வலயப் பணிமனையின் வாசலில் நிற்பார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம் அதற்கும் மேலே இருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாமலே போகும்.

என் பரிந்துரை எளியது: பாடசாலைச் சபை. எல்லையைக் குறிக்கும்போது ‘பாடசாலைச் சபைப் பகுதி’. சபை வடமொழி வழி வந்த சொல்தான், தெரியும். தமிழாசிரியரான என் நண்பர் ‘வாரியம்’ என்று வைக்கச் சொல்கிறார். உத்திரமேரூரில் குடவோலை போட்டு ஆளெடுத்தது வாரியத்துக்குத்தானே, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சொல்லாயிற்றே என்கிறார். அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் தலவாக்கலையிலோ பசறையிலோ போய் வாரியம் என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் எதுவும் விளங்காது. சபை என்றால் விளங்கும். பிரதேச சபைக்கு வாக்குப் போட்டிருக்கிறார்கள். உறுப்பினர் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியும். கடைக்காரர் அதற்கு வரி கட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். தெரிவு செய்தவர்கள் கூடி, உள்ளூர்ப் பணத்தில், உள்ளூர் வேலை செய்யும் அமைப்பு என்ற மூன்றும் அந்தச் சொல்லோடு கூடவே வரும். விளங்காத தூய சொல்லைவிட விளங்குகிற பழகிய சொல்லே எனக்குத் தேவை.

சபை என்று சொல்லும்போது மலையகத்தாருக்கு இன்னொன்றும் கூடவே விளங்கும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவிட நெடுங்காலம் வழி இருக்கவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்கு நம்முடையது, பாதை மட்டும் தோட்டத்துடையது என்று 30 வருடம் வாழ்ந்தவர்களுக்கு, உள்ளூர்ப் பணத்தில் பாடசாலை நடப்பதன் ஆபத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். நாம் அதையும் பார்த்திருக்கிறோம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையைத் தோட்டத்தின் தலையில் வைத்தது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்டத்தின் தயவிலேயே கிடந்தன. 1970களின் பிற்பகுதியில்தான் அரசு அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. எட்ஜ்வுட் பெற்றோரின் வழக்கை நம்மவர்கள் நெஞ்சால் புரிந்துகொள்வார்கள். மொழிபெயர்ப்பாளர் அதற்கு வழிவிட்டால் போதும்.

அந்தக் கையேட்டில் இன்னும் சில உண்டு. நிர்வாக முறையைச் சொல்லும் இடத்தில் ‘பாடசாலை ஆளுமை’ என்று இருந்தது. ஆளுமை ஒரு மனிதனின் குணவார்ப்பு. ஆளும் முறைக்கு ஆளுகை. ஓர் எழுத்துத்தான், பொருளோ எங்கேயோ போய்விட்டது. ‘மாணவர் விளைவுகள்’ என்று ஒன்று. பரீட்சையில் கிடைப்பதற்குப் பெறுபேறு என்று நம் நாட்டில் நல்ல சொல் இருக்கிறது. பிள்ளை உண்மையில் கற்றுக்கொண்டதற்கு அடைவு. படிப்பை விட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டால் இடைவிலகல். மூன்றையும் தனித்தனியே சொல்லத் தெரிந்த மொழியில் ‘விளைவு’ எதற்கு?

எல்லாவற்றையும் விட என்னை வருத்தியது ‘நிதியுதவி’. பாடசாலைக்கு வரும் பணம் எல்லாம் அதில் நிதியுதவிதான். கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கான தர உள்ளீட்டுப் பணமோ ஆசிரியர் சம்பளமோ எந்த அரசும் செய்யும் உதவி ஆகாது. அது ஒதுக்கீடு, பிள்ளைக்குச் சேர வேண்டிய பங்கு. வெளிநாட்டுத் திட்டம் ஒன்று கட்டடம் கட்டித் தந்தால் அதை உதவி என்று சொல்லுங்கள், நன்றியோடு சொல்லுங்கள். பொதுப் பணத்தை உதவி என்று எழுதினால், அதைக் கேட்கப் போகும் தகப்பன் கைகட்டித்தான் நிற்பான். தோட்டத்தில் எதையும் தயவாகவே வாங்கிப் பழக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு எழுதுகிறவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

சபை அமர்த்தும் அந்தத் தலைமை அதிகாரியைக் கையேடு ஓரிடத்தில் அத்தியட்சகர் என்கிறது, இன்னோரிடத்தில் கண்காணிப்பாளர் என்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டும் அகராதிப்படி சரி. ஆனால் தோட்டத்தில் அத்தியட்சகர் என்றால் தோட்டத்தை நடத்தும் பெரியதுரை, கண்காணி என்பதிலிருந்து வந்தவர் தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணி. அமெரிக்காவில் பாடசாலையைத் துரையும் கங்காணியும் நடத்துகிறார்கள் என்று மலையகப் பெற்றோருக்குச் சொன்னதாக ஆகிவிடும். அங்கே அவர் சபைக்குப் பதில் சொல்ல வேண்டிய சம்பள ஆள். சபைக்கு அவரை வேலையிலிருந்து நீக்கவும் முடியும். ‘சபையின் கல்விப் பணிப்பாளர்’ என்று போடுங்கள். அந்தத் தகப்பனுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். “அப்ப அங்க ஓட்டுப் போட்டவங்க அவர கேள்வி கேக்கலாமா சேர்?” என்றார். கேட்கலாம் என்றேன். அப்புறம், விஞ்ஞான ஆசிரியருக்கான மனுவை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு முகவரியிட்டு இருவருமாகத் திரும்ப எழுதினோம்.