மத்தியானத்துப் போத்தல்

போன கிழமை ஒருவர் சோதித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் நெல்லிரசப் போத்தலில் குளத்துத் தண்ணீர் கொண்டு வந்தார். நேரம் பன்னிரண்டரை. போத்தலைக் கழுவக்கூட இல்லை, திறந்ததும் நெல்லி வாசம். "ஐயா, விடியப் பாத்தா மீனெல்லாம் செத்து மிதக்குது. பக்கத்துக் காணிக்காரர்தான் நஞ்சு போட்டிருக்கிறார்." இந்த வருடம் இதே கதையோடு வந்த நாலாவது ஆள்.

குளம் கடும்பச்சையாகக் கிடந்ததா என்று கேட்டேன். "ஓம், மாதக்கணக்கா." பெரும்பாலும் அதுதான் விடை.

பாசி பகலில் ஒட்சிசனை விடும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து அதே ஒட்சிசனை இழுக்கும். மத்தியானம் லீற்றருக்கு 8, 10 மில்லிகிராம் காட்டும் குளம், விடியப்புறம் 2க்குக் கீழே போய்விடும். மீன் சாவது அப்போது. நீங்கள் போத்தல் நிரப்புவதோ வெயில் ஏறிய பிறகு. அந்த அளவைப் பார்த்து "தண்ணி நல்லாக் கிடக்கு, அப்ப நஞ்சுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். நஞ்சென்றால் மீன் ஏன் விடியற்காலையாகப் பார்த்துச் சாகவேண்டும்? ஒட்சிசனைக் கரையில் நின்றுதான் அளக்கவேண்டும், சூரியன் வர முன். நுளம்புக்கடி எனக்குப் பழகிவிட்டது. பாசிக்கு உரமாகிற நைத்திரேற்று, பொசுபேற்றுப் பார்க்கவென்றால் சுத்தமான போத்தலில், ஐஸ் வைத்து, அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

பிளீச்சிங் பவுடர் கொட்டுகிறவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். செத்த பாசி அழுகவும் ஒட்சிசன் வேண்டும். தப்பிய மீனும் போய்விடும்.

பாசிக்குச் சாப்பாடு போடுவது நாங்கள்தான். சவர்க்காரத் தண்ணீர், கக்கூசுக் குழிக் கசிவு, தோட்டத்து யூரியா எல்லாம் மாரி வெள்ளத்தோடு குளத்துக்குத்தான் வருகின்றன. முதலில் அந்த வாய்க்கால்களை மறியுங்கள். குளக்கரைக்கு நடைபாதையும் வர்ண விளக்கும் பிறகு பார்க்கலாம். கோடையில் அடிச்சேற்றை அள்ளுங்கள், பழைய பொசுபேற்று அதில்தான் கிடக்கிறது. ஆனால் சுண்ணாம்புக்கல்லை உடைத்து ஆழமாக்காதீர்கள். எங்கள் ஊர்க் கல்லில் வெடிப்புகள் அதிகம், குளத்து அழுக்கு நேரே கிணற்றுக்குள் இறங்கிவிடும். குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

வியாழக்கிழமை விடிய ஐந்து மணிக்கு அவரோடு குளக்கரையில் நின்றேன். கருவியில் 1.4. டோர்ச் வெளிச்சத்தில் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப பக்கத்துக் காணி அண்ணை நஞ்சு போடேல்லையோ? நான் நேற்றுத்தான் வேலியில நிண்டு அவரை ஏசிப்போட்டன்."