சிங்கப்பூர் கட்டுமான வேலை: சாரத்தில் ஏறுமுன் பார்க்க வேண்டியதும், விழுந்தால் கேட்க வேண்டியதும்

"பாதுகாப்புக் கொக்கி மாட்டாம ஏறினது என் தப்புதான், கம்பெனிகிட்ட என்னத்தக் கேக்குறது?" சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்யும் நம் ஆட்கள் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வேலை செய்யும்போது அடிபட்டால், அங்குள்ள வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் யார் தப்பு என்று பார்ப்பதே இல்லை. குடிபோதை, அடிதடி, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றுக்குத்தான் விலக்கு.

முதலில் விழாமல் இருக்கும் வழி. 4 மீட்டருக்கு மேற்பட்ட சாரத்தை அங்கீகாரம் பெற்ற சாரம் ஒப்பந்தக்காரர்தான் கட்ட வேண்டும். 7 நாளுக்கு ஒருமுறையாவது சார சூப்பர்வைசர் சோதிக்க வேண்டும், பெருமழை காற்று அடித்து சாரம் ஆட்டம் கண்டிருக்கலாம் என்றால் அதற்கப்புறமும் சோதிக்க வேண்டும். ஏறும் இடத்தில் தொங்கும் டேக்கில் தேதியைப் பாருங்கள். 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு பர்மிட் (எழுத்து அனுமதி) வேண்டும், அதன் நகல் வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும். தடுப்புக் கம்பியின் மேல் வரிசை குறைந்தது 1 மீட்டர் உயரம், வரிசைகளுக்கு நடுவில் 600 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது.

சாரம் கட்டும்போது இதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். பூச்சுக்காரர் சாமான் உள்ளே இழுக்க ஒரு கம்பியைக் கழற்றுவார், மாட்ட மறந்து சாப்பிடப் போய்விடுவார், அடுத்து வருகிற பெயிண்டருக்கு அது தெரியாது. அந்த மாதிரி இடைவெளியைப் பார்த்தால் நீங்களாக ஏதாவது கம்பியைக் கொடுத்துக் கட்டாமல், ஏறாமல் நின்று சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கொடுத்துவிட்டு, கொக்கி மாட்ட லைஃப்லைனோ (பாதுகாப்புக் கயிறு) ஆங்கரோ (கொக்கி மாட்டும் உறுதியான பிடிமானம்) இல்லாத இடத்தில் ஏறச் சொன்னாலும் ஏறாமல் நின்று சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.

சரி, விழுந்தாயிற்று. மருத்துவச் செலவு கம்பெனி பொறுப்பு. மருத்துவ விடுப்பில் முதல் 14 நாளுக்கு (ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 60 நாள் வரை) முழு சராசரிச் சம்பளம், அப்புறம் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. சராசரி என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை, ஓவர்டைமும் சேரும், அதனால் சம்பளச் சீட்டை எறியாதீர்கள். "எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வேண்டாம், லைட் டூட்டி (இலகுவான வேலை) போட்டுக்கோ" என்று டாக்டர் அறையிலேயே கூட வந்த கம்பெனி ஆள் பேசுவதுண்டு. 2020 செப்டம்பர் முதல் லைட் டூட்டி கொடுத்தாலும் விபத்தை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும், ஆகவே விபத்தை மறைக்கும் அந்தத் தந்திரம் இப்போது பலிக்காது.

நிரந்தர ஊனம் இருந்தால் தனி இழப்பீடு. உயிர் போனால் குடும்பத்துக்கு, 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளில், வயதையும் சம்பளத்தையும் பொறுத்து குறைந்தது 91,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதிகபட்சம் 2,69,000 வெள்ளி. உடலுழைப்பு வேலை செய்பவருக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கம்பெனி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும், அந்தப் பணத்தை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். வேலை போய்விட்டாலும் கோரலாம், வக்கீல் தேவையில்லை. இந்தச் சட்டத்தில் கோருவதா, கோர்ட்டில் வழக்குப் போடுவதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கோர்ட்டில் தொகை கூடலாம், ஆனால் கம்பெனியின் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். குழப்பமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண்ணுக்கு அடியுங்கள்: 6536 2692.