அஸ்வெசும காசும் கடைச் சாமானும்: விலையேற்றத்தை வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம்

அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியபோது வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து அவை 10,000, 17,500 ஆகின. 8,500க்கு மேல் 1,500 என்றால் 17.6 சதவீதம் கூடியிருக்கிறது. 15,000க்கு மேல் 2,500 என்றால் 16.7 சதவீதம். சாமான் விலை ஏறிய அளவுக்கு இது ஈடுகொடுக்கிறதா? உங்கள் வீட்டுச் சாமான் துண்டை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் அரசாங்கக் கணக்கு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் விலைகள் எவ்வளவு மாறின என்று காட்டும் இரண்டு சுட்டெண்களை மாதாமாதம் வெளியிடுகிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் மாத முடிவில் வரும். எல்லா மாகாணங்களையும் சேர்த்த தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் அடுத்த மாதம் 21ஆம் திகதி அளவில் வரும். செய்தியில் முந்தி அடிபடுவது கொழும்புக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் இருக்கிற நாங்கள் தேசியக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பணவீக்கம் குறைந்தது என்றால் சாமான் மலிந்தது என்று நினைத்து ஏமாறுகிற சனம் நிறைய. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி பணவீக்கம், அதாவது ஒரு வருடத்தில் விலை ஏறிய வீதம், 69.8 சதவீதம். ஒரு வருடம் கழித்து 1.3 சதவீதம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கியது 2022இல் ஏறக்குறைய 170 ரூபா. 2023இல் 172 ரூபா. ஏறுகிற வேகம்தான் அடங்கியது, ஏறிய விலை அங்கேயே நின்றுவிட்டது.

சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். மாதம் கட்டாயம் வாங்குகிற சாமான்களையும் அவற்றின் அளவையும் எழுதுங்கள். அந்த அளவை மாற்றாமல், கொடுப்பனவு தொடங்கிய காலத்துப் பழைய விலைக்கு ஒரு கூட்டுத்தொகை, இன்றைய விலைக்கு ஒரு கூட்டுத்தொகை எடுங்கள். உதாரணமாகச் சில விலைகளை வைத்துப் பார்ப்போம். அரிசி 20 கிலோ, கிலோ 200இலிருந்து 230. பருப்பு 3 கிலோ, 300இலிருந்து 280. சீனி 4 கிலோ, 250இலிருந்து 240. தேங்காய் 20, ஒன்று 100இலிருந்து 180. பால்மா இரண்டு பக்கெற், ஒன்று 1,000இலிருந்து 1,050. முன்பு மொத்தம் 9,900 ரூபா, இப்போது 12,100 ரூபா. வித்தியாசம் 2,200. அதைப் பழைய தொகையான 9,900ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 22.2 சதவீதம்.

ஒவ்வொரு சாமானும் எத்தனை சதவீதம் ஏறியது என்று பார்த்து, அவற்றைக் கூட்டி ஐந்தால் பிரிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் 17.9தான் வரும். மாதம் 20 தேங்காய் துருவுகிற வீட்டில் தேங்காயும் சீனியும் ஒரே கனமா? அந்த 2,200இல் 1,600 ரூபா தேங்காய்க்கே போகிறது. திணைக்களமும் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற கனம் கொடுத்துத்தான் கணக்கிடுகிறது. 2025 பெப்ரவரியில் கொழும்புப் பணவீக்கம் மைனஸ் 4.2 சதவீதம், அதாவது ஒரு வருடத்துக்கு முந்தியதைவிட விலைகள் மொத்தத்தில் குறைவு. அதற்கு முந்திய மாதம் மின்கட்டணத்தை 20 சதவீதம் குறைத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். அதே காலத்தில் தேங்காய் விலையோ எட்டாத உயரத்தில் நின்றது. இரண்டு பல்பு மட்டும் எரிகிற வீட்டுக்கு மின்கட்டணக் குறைப்பால் கிடைத்த மிச்சம் சொற்பம். சம்பலுக்கும் சொதிக்கும் போன காசு அதிகம். இப்படிப்பட்ட வீடுகளின் கஷ்டம் சராசரிக்குள் மறைந்துபோகிறது என்பதால்தான் சொந்தக் கணக்கு வேண்டும் என்கிறேன்.

விலை எடுக்கும்போது ஒரே கடை, ஒரே இனம், ஒரே அளவாக இருக்கட்டும். போன தடவை திருநெல்வேலிச் சந்தையில் பெரிய தேங்காயின் விலையைக் குறித்துவிட்டு, இந்தத் தடவை சின்னத் தேங்காயின் விலையைக் குறித்தால் கணக்கு பிழைக்கும். பக்கெற்றில் அடைத்த சாமானுக்கு நிறையையும் பாருங்கள். 1,000 ரூபாப் பக்கெற் 400 கிராமிலிருந்து 360 கிராமாகச் சுருங்கினால் விலை மாறவில்லை என்றுதான் தோன்றும். கிராம் கணக்கில் 2.50 ரூபா 2.78 ஆகிறது, கிட்டத்தட்ட 11 சதவீத ஏற்றம்.

இனிக் கொடுப்பனவோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன வீட்டில் 8,500 ரூபாவின் பழைய பெறுமதி மாறாதிருக்க அதை 1.222ஆல் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 10,390 ரூபா. கைக்கு வருவது 10,000. அப்போ மாதம் 390 ரூபா துண்டு விழுகிறது. கூட்டங்களில் கதைக்கும்போது 'விலை கூடிப்போச்சு' என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்த இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கணக்குக்கு பில் முக்கியம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கடைக்காரர் விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டும் தர வேண்டும். சின்னக் கடைதானே என்று கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். பக்கெற்றில் அச்சிட்ட விலைக்கு மேலோ, வர்த்தமானியில் அறிவித்த உச்ச விலைக்கு மேலோ கடைக்காரர் காசு வாங்கினால், அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அந்த நேரம் பில் கையில் இருக்கட்டும்.